பச்சைச் சட்டையும் நாற்பது தட்டும்

சோதிலிங்கத்துக்கு அந்தக் கோபம் வந்தது யூலை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றரை மணிக்கு, ஜெர்மனியின் ஹம் நகரத்தில், ரொட்டி விற்கும் பாண் கடை ஒன்றின் முன்னால்.

கோபம் அவருக்குப் புதிதல்ல. றெயில் பிந்தினால் வரும். பிந்தாமல் வந்தால், ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று வரும். ஊறுகாய்ப் போத்தல் திறபடாவிட்டால் வரும், மனைவி கமலநாயகி அதை ஒரே திருகில் திறந்துவிட்டால் இன்னும் கூட வரும். ஆனால் அவையெல்லாம் வந்து போகிற கோபங்கள். பாண் கடைக் கோபம் வீட்டுக்குக் கூடவே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

நடந்தது இதுதான். கமலநாயகி பாண் வாங்கவேண்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தா. வாங்கி முடிந்ததும், "கால் நோகுது, இந்த முனையில ஒரு நிமிசம் நில்லுங்கோ" என்றா. நின்றார்கள். அப்போது பாண்ட் வாத்தியம் கேட்டது. ஜெர்மன்காரர் ஊருக்கு ஊர் வைத்திருக்கும் துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தின் வருடாந்த ஊர்வலம். பச்சைச் சட்டை, இறகு வைத்த தொப்பி, நெஞ்சிலே வெள்ளிப் பதக்கம். நாலு நாலு பேராக, வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் மட்டும் ஒரு கறுப்புத் தலை.

இராசலிங்கம்.

கம்பித் தொழிற்சாலையில் சோதிலிங்கத்துக்குக் கீழே பதினாறு வருடம் வேலை செய்த இராசலிங்கம். வா என்றால் வந்து, போ என்றால் போன இராசலிங்கம். தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் சோதிலிங்கம் பொறுத்திருப்பார். கையைக் காட்டியிருந்தாலும் பொறுத்திருப்பார். அவன் தொப்பியைத் தூக்கினான். தூக்கிவிட்டு, வாத்தியச் சத்தத்துக்கு மேலாலே, நல்ல தமிழில் கேட்டான்:

"என்ன அண்ணை, பாணோ?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சோதிலிங்கம் பாண் பையை அடிபட்ட பாம்பைத் தூக்கிக்கொண்டு போவதுபோலத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"பாத்தியே அவனை?"

"ஆரை?"

"தொப்பியைத் தூக்கினவனை!"

"ஓம். வடிவான தொப்பி."

"நான் சேரப்போறன்."

"எதில?"

"அந்தக் கழகத்திலதான். அவன் சுடுறது நீட்டுத் துவக்கு. அதை ஆரும் சுடுவான், தோளில முட்டுக்குடுத்து. நான் கைத்துவக்கு எடுக்கப்போறன். ஒற்றைக் கையை நீட்டி, நிமிந்து நிண்டு சுடோணும். அதுதான் ஆம்பிளைத்தனம்."

"எண்பத்தஞ்சில ஊரில துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஆள் நீங்கள்."

"அது ஆக்களைச் சுட்டது. இது மட்டையைச் சுடுறது. உனக்கென்ன தெரியும்?"

"எனக்கொண்டும் தெரியாது. உங்களுக்குக் கை ஏலாதெல்லோ, அதுதான் கேட்டன்."

சோதிலிங்கம் நடுத்தெருவில் நின்றுவிட்டார். சைக்கிளில் வந்த ஒருவர் மணி அடித்தார். அவருக்கும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

கை ஏலாது என்பது உண்மை. இருபத்தெட்டு வருடம் கம்பி இழுத்து, இரண்டு கட்டைவிரல்களின் அடிமூட்டும் தேய்ந்துபோயிருந்தன. பதினொரு வருடத்துக்கு முன்னர் டாக்டர் அதைக் கடிதமாகவே எழுதித் தந்தார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜெர்மன் மொழியில் எந்தக் கடிதம் வந்தாலும், அன்ட்ராக் என்ற விண்ணப்பம் என்றாலும் டெர்மின் என்ற சந்திப்பு நேரம் என்றாலும், சோதிலிங்கம் உறையைக்கூடப் பிரிக்காமல் கமலநாயகியிடம் நீட்டுவார். "கண்ணாடியைக் காணேல்லை, வாசி." முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் பராமரிப்பு வேலை செய்யும் கமலநாயகி கடகடவென்று வாசித்துத் தமிழில் சொல்லுவா. நாற்பது வருடத்தில் சோதிலிங்கம் தன் கையாலே பிரித்து, தன் கண்ணாலே வாசித்த ஒரே ஜெர்மன் கடிதம் டாக்டரின் கடிதம்தான். அதில் 'பாரமான தொழிற்சாலை வேலை வேண்டாம்' என்று இருந்தது. வாசித்து முடித்து அவர் மனைவிக்குச் சொன்னபோது அது 'ஒரு வேலையும் வேண்டாம்' என்று ஆகியிருந்தது. கடிதத்தைத் தன்னுடைய கோப்பில் வைத்து அலுமாரியைப் பூட்டிக்கொண்டார்.

அன்று தொடங்கிப் பதினொரு வருடம் அவர் கை ஒரு தேங்காயைத் தொடவில்லை. ஒரு சட்டையைப் பிழியவில்லை. தேத்தண்ணிக் கோப்பை மட்டும் தூக்கும், அதுவும் நிறைந்திருந்தால்தான். காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பும் கமலநாயகிதான் இடியப்பம் பிழிந்தா, துணி காயப்போட்டா, துடைத்தா, துருவினா. இரவில் படுக்கப் போகுமுன் வலது தோளில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுவா. அந்த எண்ணெய் மணக்கிறது என்று சோதிலிங்கத்துக்குக் கோபம் வரும்.

புதன்கிழமை பின்னேரம் சோதிலிங்கம் கழகத்துக்குப் போனார். சுடும் இடம் நிலத்துக்குக் கீழே இருந்தது. பொறுப்பாக நின்றது டொறத்தி என்ற எழுபத்திரண்டு வயதுக் கிழவி. கட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமயிர், முடிச்சு முடிச்சாகப் புடைத்த விரல்கள். எடுத்த எடுப்பில் அவரை 'நீ' என்றாள். கழகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தானாம். சோதிலிங்கத்துக்குக் கோபம் ஏறியது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இராசலிங்கம் பியர் கிளாசுடன் வந்து உட்கார்ந்தான். இன்னும் ஏறியது.

டொறத்தி நாலு கைத்துவக்குகளை மேசையில் பரப்பினாள். "கையில் என்ன பிரச்சினை?" என்று கேட்டாள்.

"ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார் சோதிலிங்கம், கைகளைப் பின்னாலே கட்டிக்கொண்டு.

பார்வையாலே நாலையும் அளந்துவிட்டு ஆகச் சின்னதை எடுத்தார். ஏலாத கைக்குச் சின்னச் சாமான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"சின்னதுதான் பொல்லாதது," என்றாள் டொறத்தி. "பாரம் இல்லாததால் உதைப்பு முழுவதும் உன் கைக்கு வரும். உள்ளே இருக்கும் வில்லும் இறுக்கம்."

அவர் கேட்கவில்லை. கைத்துவக்கின் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் குண்டு உள்ளே ஏறும். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அதைக் கிள்ளிப் பிடித்து, வாழைப்பழத் தோல் உரிப்பதுபோல இழுத்தார். அது அசையவில்லை. மூச்சுப் பிடித்து இழுத்தார். அவருடைய காதுதான் அசைந்தது.

இரண்டாவது, உருளை சுற்றும் பழைய மாதிரித் துவக்கு. இதில் இழுக்கிற வேலை இல்லை. ஆனால் விசையை நீளமாக, பாரமாக அமத்த வேண்டும். அல்லது பின்னாலிருக்கும் கொக்கியை முதலில் கட்டைவிரலால் மடக்க வேண்டும். அந்தக் கட்டைவிரல்தானே தேய்ந்துபோனது. மடக்காமலே விசையை அமத்தினார். கை நடுங்கி நடுங்கி, கடைசியில் வெடித்தது. பக்கத்து ஆளின் மட்டையில் பத்துப் புள்ளி விழுந்தது. அந்த ஆள் மரியாதையாக நன்றி சொன்னார்.

மூன்றாவது பெரியது. மேற்பாகம் பாதிதூரம் வந்து, மனதை மாற்றிக்கொண்டு திரும்பிப் போனது. போகும்போது சோதிலிங்கத்தின் தோலிலும் கொஞ்சம் கவ்விக்கொண்டு போனது.

"இது உனக்கு," என்று டொறத்தி நாலாவதைக் கையில் வைத்தாள். நீளக் குழல், நல்ல பாரம், சின்ன ரவைக் குண்டு, இளகின வில். "பாரம் உதைப்பை விழுங்கும். வில் உன் விரலை மன்னிக்கும்." பிடி கைக்குள் சரியாக உட்கார்ந்தது. சோதிலிங்கத்துக்கு அன்று முதல்முறையாக முகம் மலர்ந்தது. பிறகு ரவைகளை மகசீன் என்ற குண்டுக் கூட்டுக்குள் தள்ளத் தொடங்கினார். ஐந்து ரவை ஏற்றப் பதினொரு நிமிடம் எடுத்தது. இரண்டு மேசைக்குக் கீழே உருண்டுபோயின. அதற்குப் பிறகு மேற்பாகத்தை இழுக்க, விரல் வழுக்கியது. திரும்பவும் வழுக்கியது.

"அதை ஒருக்கா இழுத்துத் தாவன்!" என்று டொறத்தியிடம் கத்தினார்.

"மாட்டேன். இங்கே ஒரு சட்டம். உன் துவக்கை நீயேதான் ஏற்றி, நீயேதான் இறக்க வேண்டும். வேறொரு கை படக்கூடாது. நாளையிலிருந்து நாலு கிழமை கோடை விடுமுறை. அதற்குப் பிறகு வந்து, பத்துத் தரம் பிழையில்லாமல் செய்து காட்டு. உன் அன்ட்ராக்கில் அன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன். கேள், இதில் பலம் பெரிய விசயமில்லை, எப்படியென்றால்..."

சோதிலிங்கம் கேட்கிற நிலையில் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் இராசலிங்கம் கிளாசைத் தூக்கிக் காட்டியிருந்தான். டொறத்தி அவருடைய முகத்தைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தினாள், ஒரு தாளில் நாலு வரி எழுதி நீட்டினாள். அவர் அதைப் பறித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு படியேறினார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள் வழக்கம்போலக் கமலநாயகியிடம் போனது.

"கண்ணாடியைக் காணேல்லை, வாசி."

கமலநாயகி வாசித்தா. இரண்டாம் தரமும் வாசித்தா. "நல்ல மனிசி," என்றா.

"நல்லதோ கெட்டதோ, என்ன எழுதியிருக்கு?"

"கைக்குப் பயிற்சி. முதலாவது, ரெண்டு கைப்பிடி உள்ள சாமானை ஒவ்வொரு நாளும் நாப்பது தரம் இறுக்கி அமத்தோணுமாம்."

"ரெண்டு கைப்பிடி உள்ள சாமானுக்கு நான் எங்க போறது?"

கமலநாயகி குசினியைச் சுற்றிப் பார்த்தா. அவவுடைய கண் தற்செயலாக இடியப்ப உரலில் போய் நின்றது.

"உதையோ?"

"வேற என்ன இருக்கு வீட்டில? வெறும் உரலை அமத்திப் பலனில்லையாம். எதிர்ப்பு வேணுமாம். 'விடர்ஸ்டாண்ட்' எண்டு போட்டிருக்கு. மாவைப் போட்டுத்தான் அமத்தோணும்."

"மா வீணாப்போகுமே?"

"கீழ தட்டை வைச்சா வீணாப்போகாது."

சோதிலிங்கம் யோசித்தார். நியாயமாகத்தான் இருந்தது. "ரெண்டாவது?"

"கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேத்து அமத்துற பயிற்சி. ரவை ஏத்துறதுக்கு. உடுப்புக் கிளிப் நல்லதாம்."

"மூண்டாவது?"

"மணிக்கட்டு. உருண்டையான சாமானைக் கையில பிடிச்சுத் திருப்பித் திருப்பித் தேய்க்கோணும்."

"தேங்காயைச் சொல்லுறியோ?"

"நான் சொல்லேல்லை. நீங்கள்தான் சொல்லுறியள்."

"நாலாவது?"

"நாலாவது, கோபப்படக் கூடாது."

"அது நீ சேத்தது!"

"இல்லையப்பா, கீழ கோடும் போட்டிருக்கு."

"பொய்! அது நீ சேத்தது! மற்ற மூண்டும் சரி!"

மறுநாளே தொடங்கினார். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று கமலநாயகியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, குசினி யன்னலின் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் உரலைப் பிடித்தார். முதல் நாள் ஐந்து தட்டு. பிழிந்தது இடியப்பம்போல இருக்கவில்லை, அறுந்த சணல் போல இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் இராசலிங்கத்தின் கழுத்தை நினைத்துக்கொண்டு அமத்தினார். மூன்றாம் நாள் பதினைந்து. இரண்டாம் கிழமை முப்பது. கமலநாயகி கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு எண்ணினா. பதினொரு வருடத்தில் அவ அந்தக் குசினியில் உட்கார்ந்ததைச் சோதிலிங்கம் அப்போதுதான் கண்டார். அதற்கும் கோபம் வந்தது. ஆனால் விடர்ஸ்டாண்ட் முக்கியம்.

"கையை மட்டும் பாவியாதேங்கோ. உடம்பைக் குடுத்து அமத்துங்கோ."

"தெரியும்! நீ எனக்குப் படிப்பிக்காதை!"

"மெல்லிசா வரோணும். தடிப்பா வந்தா கை நடுங்குது எண்டு அர்த்தம்."

"அதுவும் போட்டிருக்கோ?"

"ஓம், மற்றப் பக்கத்தில."

பின்னேரத்தில் மாடி வெளியில் நின்று உடுப்புக் காயப்போட்டார். ஒரு சட்டைக்கு ஆறு கிளிப். கீழ்வீட்டு ஜெர்மன்காரி நிமிர்ந்து பார்த்தால், துவக்குப் பிடிக்கிற ஆளின் பார்வை ஒன்றைத் திருப்பி அனுப்பினார். தேங்காயும் துருவினார். சம்பலுக்கு அல்ல, மணிக்கட்டுக்கு. மூன்றாம் கிழமை அவர் துருவிய பூவைப் பார்த்துத் தானே கொஞ்ச நேரம் நின்றார். அவ்வளவு வெள்ளை.

இரண்டு பேருக்கு நாற்பது இடியப்பம் எதற்கு என்று ஒருநாள் கேட்டார். "மிச்சத்தை வேலையிடத்துக்குக் கொண்டுபோறன்," என்று கமலநாயகி பெட்டியில் அடுக்கினா. முதியோர் இல்லத்து ஜெர்மன்காரருக்கு இடியப்பமும் சொதியும் பிடிக்குமா என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவருக்கு அப்போது பச்சைச் சட்டையின் அளவு நாற்பத்தெட்டா ஐம்பதா என்பதுதான் கவலை.

நாலு கிழமை முடிந்து, சோதனை நாள் வந்தது. அவர் சப்பாத்துக் கட்டும்போது கமலநாயகி சொன்னா:

"இஞ்சேருங்கோ, அந்தத் தாளில ஒண்டு சொல்ல மறந்திட்டன். மேற்பாகத்தை விரலால கிள்ளி இழுக்க வேண்டாமாம். உள்ளங்கையால முழுசாப் பொத்திப் பிடிச்சு, அதை அசையாமல் வைச்சுக்கொண்டு, மற்றக் கையால துவக்கை முன்னுக்குத் தள்ளோணுமாம். உரலை அமத்தின மாதிரி, உடம்போட."

"இதை இப்பவே சொல்லுறது?"

"இப்பதானே தேவை?"

கண்ணாடிக்கு அப்பால் இராசலிங்கம் இருந்தான். அவனுடைய மனைவி மகாதேவியும் வந்திருந்தா. கமலநாயகி அவவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தா. சோதிலிங்கம் நாலாவது துவக்கை எடுத்தார். குழல் இலக்கைப் பார்த்தபடி, விரல் விசைக்கு வெளியே. கிளிப் பிடித்த கட்டைவிரல் ஐந்து ரவையையும் ஒவ்வொன்றாக அமத்தி உள்ளே அனுப்பியது. துவக்கை நெஞ்சோடு அணைத்து, மேற்பாகத்தைப் பொத்திப் பிடித்து, தள்ளினார்.

கிளக்.

அவ்வளவுதானா? தன் கையைத் தானே பார்த்தார். இறக்கினார், திரும்பவும் ஏற்றினார். கிளக். பத்துத் தரமும் கிளக். அதற்குப் பிறகு ஐந்து குண்டு சுட்டார். மூன்று கறுப்பு வட்டத்துக்குள், இரண்டு பக்கத்தில், எல்லாம் தன்னுடைய மட்டையில்.

டொறத்தி அன்ட்ராக்கை எடுத்துக் கையெழுத்து வைத்தாள். "பார்த்தாயா? பலம் இல்லை, பிடிக்கிற விதம்தான். நான் எழுதினபடி நாலு கிழமையும் கைக்கு நல்ல ஓய்வு கொடுத்திருக்கிறாய்."

"ஓய்வோ?"

"முதல் வரியே அதுதானே."

சோதிலிங்கம் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். அதை அவர் தாயத்து மாதிரி நாலு கிழமையாகச் சுமந்து திரிந்தார். கண்ணாடியும் அதே பையில்தான் இருந்தது. மாட்டினார். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக ஒரு ஜெர்மன் கடிதத்தைத் தானே வாசித்தார்.

ஒன்று, கைக்கு ஓய்வு கொடு; எதையும் இறுக்காதே. இரண்டு, தினமும் பத்து நிமிடம் கையை வெந்நீரில் வை. மூன்று, இழுக்காதே, தள்ளு. நாலு, கோபப்படாதே. நாலாவதற்குக் கீழே கோடு போட்டிருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கக் கமலநாயகி மகாதேவியோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தா. இராசலிங்கம் எழுந்து வந்தான். பக்கத்தில் நின்று, ஒருவருக்கும் கேட்காமல் கேட்டான்:

"எத்தனை தட்டு அண்ணை?"

சோதிலிங்கம் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"எனக்குப் போன வருசம் அறுபது. நீட்டுத் துவக்கெண்டபடியால் தோளுக்கு நிலம் துடைக்கிறதும். இந்த நாலு கிழமையும் உங்கட புண்ணியத்தில எனக்கு லீவு. ஒவ்வொரு நாளும் கமலாக்கா குடுத்துவிட்ட பெட்டி வரும்." குரலை இன்னும் தாழ்த்தினான். "நல்ல மெல்லிசு, அண்ணை."

சோதிலிங்கம் எல்லாவற்றையும் பேருந்தில் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து, வீட்டுக் கதவைச் சாத்தியதும் கொட்டினார்.

"நீ எனக்குப் பொய் வாசிச்சிருக்கிறாய்! நாலு கிழமை! நாப்பது தட்டு! என்ர கை தேய்ஞ்ச கை, கமலா! டாக்டர் எழுதித் தந்த கை!"

கமலநாயகி உடுப்பை மாற்றிக்கொண்டு குசினிக்குள் போனா. அங்கிருந்து சொன்னா:

"நீங்கள் டாக்டரின்ர கடிதத்தை எனக்கு வாசிச்ச மாதிரித்தான் நான் டொறத்தியின்ரயை உங்களுக்கு வாசிச்சன்."

சோதிலிங்கம் அலுமாரியைப் பார்த்தார். பூட்டியிருந்தது. திறப்புச் சாவி வழக்கமான இடத்தில்தான் இருந்தது.

"எப்ப... எப்ப பாத்தனி?"

"பதினொரு வருசத்துக்கு முந்தி. நீங்கள் பூட்டின அண்டைக்கே."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நோகுது எண்டது உண்மைதானே. கொஞ்ச நாள் இருக்கட்டும் எண்டு விட்டன். பிறகு நீங்களாக் கேப்பியள் எண்டு இருந்தன், உனக்குத் தோள் என்ன மாதிரி எண்டு." தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. "வெந்நீரில கை வைக்கச் சொன்னதுக்கு நான் மாறாச் செய்யேல்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் மா குழைச்சது வெந்நீரிலதானே. இப்ப கை நோகுதோ?"

அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். நோகவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கோபமாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை பாண் வாங்கும் வழக்கம் அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. இடியப்பம்தான். அவர் குசினி வாசலுக்கு வந்தார்.

"அண்டைக்கு அந்த முனையில... உனக்குக் கால் நொந்ததோ?"

"மகாதேவிதான் அந்த முனை நல்லது எண்டவ. மூண்டாவது வரிசை கிட்ட வருமாம்." கமலநாயகி சுடுமாவை உரலுக்குள் அடைத்து, அதைத் தூக்கி அவர் கையில் வைத்தா. "வாற யூலை நீங்களும் பச்சைச் சட்டையோட அதில போவியள். நான் உங்களோட வேலை செய்த இன்னாசித்தம்பியின்ர மனிசியோட கதைச்சிட்டன். அவரைப் பாணோட கொண்டுவந்து அதே முனையில நிப்பாட்டுவா. நீங்கள் தொப்பியை நல்லா உயத்தித் தூக்குங்கோ."

சோதிலிங்கத்துக்கு உச்சியில் ஏறியது. காது சிவந்தது. நாற்பது வருடக் கோபத்தையும் ஒன்றாகத் திரட்டி, வாயைத் திறந்தார்.

"கத்துறதெண்டால் பிழிஞ்சுகொண்டு கத்துங்கோ," என்றா கமலநாயகி, கதிரையை இழுத்து உட்கார்ந்துகொண்டு. "மா ஆறுது."